கொஞ்சம் சீரியஸ்

இட்லியைப் பிட்டபோது என் போன் ஒலித்தது. குடும்பக் குழுவில் மாமாவின் படம், மாலையோடு. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. சாவை இப்படியா சொல்வார்கள், சிலிண்டர் வந்துவிட்டது என்பதுபோல? எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் போனிலும் அதே சத்தம்.

நான் சிறுவனாக இருந்தபோது தாராவியில் எங்கள் சந்துக்கே ஒரு போன்தான், பெல்ட் பட்டறை யூசுப் பாயுடையது. ஊரிலிருந்து அழைப்பு வந்தால், தோல் பசை வாடையோடு அவரே வாசலில் வந்து நிற்பார். ஒருநாள், "அக்கா, ஒங்க அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம். ஒடனே கெளம்புங்க" என்றார்.

அம்மா தாத்தாவுக்கென்று தாதர் ஸ்டேஷனில் மொசம்பி வாங்கினாள். நசுங்காமல் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாள். ஊரில் தெருமுனை திரும்பினால், தாத்தா வீட்டு வாசலில் பந்தல். எல்லாம் முடிந்திருந்தது. பை நழுவிப் பழங்கள் தெருவெல்லாம் உருண்டன. அம்மா போட்ட அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது.

திரும்பி வந்ததும் பாயிடம் கேட்டாள்: "தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னீங்களா?"

"அவ்ளோ தூரம் ரயில்ல அழுதுகிட்டே போவணுமேன்னுதான்க்கா…"

அம்மா அதன்பிறகு அவர் வீட்டுப் போனைத் தொடவே இல்லை.

இப்போது, அம்மா எடுப்பதற்குள் அவள் போனை எட்டிப் பிடுங்கிக் கவிழ்த்தேன்.

"மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம்மா. கெளம்புவோம்."

என் வாயில் அந்த வார்த்தையா! நானே அதிர்ந்துபோனேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்தாள்.

"பழம் ஒண்ணும் வாங்கிராதல" என்றாள்.