சொதி வேண்டாம் என்ற கை

எனக்கு எண்பத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் வீட்டு இலக்கத்தோடு சொல்லுவேன். கடைசி மகனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரமில்லை.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்ன பிறகு, ஓகூஸ் என்கிற இந்தக் குளிர்தேசத்துத் துறைமுகப் பட்டினத்தில் நான் இருந்த மகள் வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. வன்னியிலிருந்து கடைசி மகன் தொலைபேசி எடுத்தது மாசியில். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கோடை வந்தது. ஒரு நாள் மகள் அவன் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் மாலை.

"தம்பிக்கு அந்தியேட்டிச் சடங்கைச் செய்து முடிப்பம் அம்மா. எவ்வளவு காலத்துக்கு இப்பிடியே இருக்கிறது?"

"எந்தத் திதியில செய்யப்போறாய்?" என்று கேட்டேன்.

மாலை பையோடு அலுமாரிக்குள் போனது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே சரசரத்தது.

அந்தக் கோடையில்தான் துறைமுகத்துப் பழைய பண்டசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. முன்னொரு காலத்தில் இந்த நாட்டுக் கப்பல்கள் ஆப்பிரிக்கச் சனங்களைக் கொண்டுபோய்த் தூரத்துத் தீவுகளில் கரும்பு வெட்ட அடிமைகளாக இறக்கின. அவர்கள் வழிவந்தவர்கள், வீட்டில் வாய்வழியாகக் காத்துவந்த கதைகளைச் சபையில் சாட்சியாகச் சொல்லி, நடந்ததற்கு ஈடு கேட்க வந்திருந்தார்கள். சமையலைத் தமிழ்ப் பெண்களான எங்களிடம் விட்டிருந்தார்கள்.

காலையில் கதவைத் திறந்ததும் சீனிப்பாகு கருகின மணம். நாங்கள் இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

"பழைய மரம் அக்கா, மணக்கும்" என்றாள் கூட வந்தவள்.

"மரம் எப்பவடி பாகு காய்ச்சினது?"

பகிடிக்குத்தான் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னர் ஒரு தீவுக்காரி பேசினாள். என் வயதிருக்கும், தலையில் வெள்ளைத் துணி. மகள் என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தீவுக்காரியின் பூட்டியின் தாயிடமிருந்து மகனைப் பறித்து வேறு தீவுக்கு விற்றார்களாம். அந்தத் தாய் சாகும்வரை அவனுக்கென்று சாப்பாடு எடுத்து வைத்தாளாம்.

"அவன் எங்கே என்று அவள் கேட்டாள். அவள் மகள் கேட்டாள். இப்போது நான் கேட்கிறேன். ஈடு தருவதென்றால் முதலில் அதற்குப் பதில் தாருங்கள்" என்றாள்.

இந்த நாட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தாங்களே போட்டுக்கொள்வார்கள். விருந்தாளியை அப்படி நிற்கவைக்க நான் சம்மதிக்கவில்லை. நீட்டு மேசையில் பந்தியாக இருத்தினோம். ஒரு கதிரையில் மட்டும் ஆள் இல்லை. முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. தண்ணீர் இருந்தால், ஆள் எழும்பிப் போயிருக்கிறது, வரும் என்றுதான் எங்களுக்குக் கணக்கு. அங்கேயும் தட்டு வைத்துச் சோறு போட்டேன்.

பந்தியில் பரிமாறுகிறவள் முகம் பார்ப்பதில்லை. தட்டையும் கையையும்தான் பார்ப்பாள். தேங்காய்ப்பாற் சொதி வாளியோடு வந்தேன். போதுமென்றால் தட்டுக்கு மேல் கையை விரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவர்களும் சிரித்துக்கொண்டு விரித்தார்கள். அந்தத் தண்ணீர் கிளாஸ் இருந்த இடத்திலும் ஒரு கை விரிந்தது. கறுத்தக் கை. அந்த மேசையில் எல்லாக் கையும் கறுத்தவைதான், என்னுடையதும்.

"கொஞ்சம் விடுறன் ராசா" என்று சொல்லி ஊற்றிவிட்டேன்.

என் கடைசி மகனுக்குச் சொதி பிடிக்காது. கையை விரிப்பான். நான் இப்படிச் சொல்லிக்கொண்டு கைக்கு மேலேயே ஊற்றுவேன்.

அடுத்த தட்டுக்குப் போன பிறகுதான், யாரிடம் தமிழில் சொன்னேன் என்று உறைத்தது. திரும்பினேன். கதிரையில் ஆள் இல்லை. கிளாஸில் தண்ணீர் அசையாமல் இருந்தது. தட்டின் விளிம்பிலும் மேசைத்துணியிலும் சொதி சிந்திக் கிடந்தது. சோற்றின் மேல் ஒரு சொட்டு இல்லை.

மகள் ஓடிவந்தாள். "என்னம்மா, வெறுங்கதிரைக்குப் பரிமாறுறியள்? ஆக்கள் பாக்கினம்!"

"வெறுங்கதிரையெண்டு ஆர் சொன்னது?"

தீவுக்காரி எழும்பி வந்தாள். தட்டையே கனநேரம் பார்த்தாள். மகள் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையால் தடுத்து, யாருக்குப் போட்டாய் என்று என்னைக் கேட்டாள்.

"என்ர கடைசிக்கு" என்றேன்.

மகள் அதை அவளுடைய பாஷையில் சொல்லாமல், என் கையிலிருந்த வாளியை வாங்கினாள்.

"சொல்லு பிள்ளை."

சொன்னாள்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "கேள், இந்தக் கதிரை செத்த ஆக்களுக்கோ?"

தீவுக்காரி தலையாட்டி மறுத்தாள். செத்தவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, எங்கே என்று கேட்டும் பதில் கிடைக்காதவர்களுக்குத்தான் தாங்கள் போகிற இடமெல்லாம் இந்தக் கதிரையைப் போடுகிறோம் என்றாள். சொதி பட்ட என் கையைப் பிடித்து, ஒலிவாங்கிக்கு வந்து பேசச் சொன்னாள்.

"இண்டைக்கு உங்கட நாள்" என்றேன். "என்ர பிள்ளையைப் பற்றிப் பிறகு நான் சொல்லுவன்."

வீட்டுக்கு வந்ததும் மகள் அலுமாரியைத் திறந்து மாலையை எடுத்தாள். அவள் நேரே போய் அதை வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரைப் படத்தின் முன்னால் வைத்தாள்.

"கதிரையும் போடட்டோ அம்மா?"

"ஓம், போடு."

இன்றைக்கும் அந்தக் கதிரையில் நாங்கள் ஒருவரும் இருப்பதில்லை. சில காலைகளில் தண்ணீர் குறைந்திருக்கும். ஹீட்டர் சூடு மாமி என்பார் மருமகன். ஓம் என்று விட்டுவிடுவேன்.

அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதினேன். அவன் பெயரை எழுதவில்லை. அது நான் அவனைக் கூப்பிட வைத்திருக்கிற பெயர்.

பேத்தி, இங்க வா. எழுதினதைத் திருப்பி ஒருக்கா வாசி. வாய்க்குள்ள வாசியாதை, உரத்து வாசி. அந்தக் கதிரைக்கும் கேக்கவேணும்.