மருத்துவருக்குக் காட்டிய நோட்டு

என் மருமகளின் மூச்சு எதனால் அடைக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மூன்று வருடம் மறைத்தேன்! அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். திங்கள், வியாழன் இரு நாளும் தறிகளுக்கு அடியில் சேர்ந்த பஞ்சுத் தூசியைப் பெருக்கி அள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடம் நான் செய்த வேலை. கவிதா கல்யாணமாகி வந்த மறுவாரமே துடைப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆறே மாதத்தில் அவளுக்கு இளைப்பு. ஆஸ்துமா என்றார் கோவை மருத்துவர். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். எந்த நாளில் அதிகமாகிறது, அன்று என்ன செய்தாள் என்று குறித்துவரச் சொன்னார்.

"எங்கம்மா எழுதுவாங்க சார். மழை பேஞ்சதுலேருந்து மாடு கன்னு போட்டது வரைக்கும் டைரில இருக்குமுங்க" என்றான் என் மகன், பெருமையாக.

எழுதினேன். நான்காவது வாரமே புரிந்துவிட்டது. திங்கள் மாலை, வியாழன் மாலை... மேட்டுப்பாளையத்தில் அவள் தன் அம்மா வீட்டில் இருந்த பத்து நாளும் ஒருமுறைகூட வரவில்லை.

அன்றே இன்னொரு நோட்டு வாங்கினேன், மருத்துவருக்கென்று. அதில் தயிர், தலைக்குக் குளித்தது, ஆடிக் காற்று, வாசலோரப் பார்த்தீனியம் எல்லாம் இருந்தன. பெருக்கியது மட்டும் இல்லை!

"வீட்டில் தூசி உண்டா?" என்று கேட்டார் மருத்துவர். கவிதா அடுத்த அறையில் ஊதிப் பார்க்கும் சோதனையில் இருந்தாள்.

"குடோன் பக்கமே அவளை உடறதில்லைங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? உண்மை தெரிந்தால் துடைப்பம் என் கைக்குத் திரும்பும். அவ்வளவுதானா? இல்லை... எனக்கு வராதது இவளுக்கு மட்டும் ஏன் வர வேண்டும் என்ற எரிச்சல்.

ஒருமுறை அவளே கேட்டாள்: "ஏனுங்க அத்தை, அந்தத் தூசினால இருக்குமுங்களா?"

"இருவத்திரண்டு வருசம் பெருக்குனேன், எனக்கு வந்துச்சா அம்மணி? வாயக் கட்டு. வீசிங் தானா நிக்கும்."

வெட்கப்பட்டுச் சிரித்தாள். தயிரை விட்டாள், பழத்தை விட்டாள். பெருக்குவதை விடவில்லை.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை, தறியோரம் சரிந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான்கு நாள் தீவிர சிகிச்சை. ஐந்தாம் நாள் நான் பக்கத்தில் இருந்தபோது ஆக்சிஜன் மாஸ்கைத் தானே விலக்கினாள்.

"அத்தை... உங்களுக்குத் தெரியாம அன்னைக்கு ஐஸ்கிரீம் தின்னுபோட்டேனுங்க. அதான் இப்படி ஆயிருச்சு. மன்னிச்சுருங்க..."

என்னிடம், அவள்!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. மாஸ்கை எடுத்து அவள் முகத்தில் பொருத்தினேன்.

"செரி உடு கண்ணு. மன்னிச்சுட்டேன்" என்றேன்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மருத்துவருக்கான நோட்டைத் திறந்தேன். தேதி போட்டு, 'ஐஸ்கிரீம்' என்று எழுதினேன்.