சொக்கம்மாள் கடையில் கஞ்சி குடிக்காதவன்

இராயபுரத்துக்குப் புதிதாக வந்த ஒருவன், "வாய்க்கு ருசியாகச் சாப்பிட எங்கே போவது? கொஞ்சம் பாட்டு கேட்க இடம் உண்டா?" என்று விசாரித்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அவன் முகத்தைப் பார்க்க மாட்டோம். காலைப் பார்ப்போம். பட்டணத்தில் மதுவிலக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாதா உடுப்பில் வேவு பார்க்க வருகிற போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றி வைத்துவிடலாம், மீசையைக்கூட மழித்துவிடலாம். தினமும் கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றுகிற காக்கிப் பட்டியின் தடத்தை என்ன செய்வான்? மயிர் உதிர்ந்து, வெயில் படாமல் வெளுத்து, அது தனியாகத் தெரியும். வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் மாட்டிக்கொண்டான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்களுக்கு இந்தச் சூட்சுமத்தைச் சொன்னவள் சொக்கம்மாள்.

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஓர் ஓலைக் கொட்டகை. சாப்பாட்டுக் கடை என்று பேர். நெத்திலிக் குழம்பு, சங்கரா வறுவல், சுடச்சுடச் சோறு. இதெல்லாம் வெளியே தெரிகிற சங்கதி. விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு பானையில் சுண்டக்கஞ்சி, சோற்றை ஊறப்போட்டு இறக்குகிற கள்ளச் சரக்கு, புளித்துக்கொண்டிருக்கும். இரண்டு டம்ளர் உள்ளே போனால் முதுகுவலி எந்த ஊர் என்று கேட்கும். அவள் புருஷன் கட்டுமரத்தையே விற்றுக் குடித்துச் செத்தவன். "குடிதான் என் தாலிய அறுத்துது, அதே குடிதான் எனக்குச் சோறு போடுது, இன்னா பண்ணச் சொல்ற?" என்பாள்.

கஞ்சிக்காக ஒரு தடவை உள்ளே போய்விட்டு வந்தவள். இன்னொரு தடவை பிடிபட்டால் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள், அவளும் சுலபத்தில் வெளியே வர முடியாது. அதனால் சந்தேகமே அவளுக்கு மூச்சாகிவிட்டது. கூரைமேல் காக்கா கரைந்தால் விருந்தாளி வருவான் என்று ஊர் சொல்லும், இவள் "எவன் அனுப்சான் இத?" என்று கேட்பாள்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவன் எல்லார் கண்ணெதிரிலும் ஒரு மடக்குக் கஞ்சி குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் சட்டத்தின் முன்னால் அவனும் எங்களைப் போலக் குற்றவாளி. அப்புறம் அவன் எங்கள் ஆள். அந்த மடக்குக்கு விலக்கு மஜீதுக்கு மட்டும்தான். ஐந்து வேளை தொழுகிறவனை அவள் வற்புறுத்தவில்லை.

மஜீது வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறவன். பொழுது சாயும்போது புல்புல்தாராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவான். இடது கை பொத்தான்களை அமுக்க, வலது கை தந்தியைத் தட்ட, சினிமா மெட்டு, தர்கா பாட்டு, சாவு வீட்டுப் பாட்டு எல்லாம் அந்த மரப்பெட்டியிலிருந்து வரும். நாங்கள் மீனுக்காக வந்தோம் என்று சொல்லிக்கொண்டோம். பொய். மஜீது வராத நாளில் அதே குழம்பு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அவனுக்கு ராத்திரிச் சோறு சொக்கம்மாள் கையால். மீனில் நடுத்துண்டு அவனுக்கென்று ஒதுக்கி வைப்பாள்.

ஒரு நாள் நெட்டையாக ஒருத்தன் வந்து மூலையில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த உச்சிமாகாளி, எங்களோடு மூட்டை தூக்குகிறவன், வழக்கப்படி டம்ளரை நீட்டினான். அந்த ஆள் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பித் தள்ளிவிட்டுச் சோறு மட்டும் கேட்டான். வேட்டி விலகியது. கெண்டைக்காலில் வெள்ளைத் தடம்.

சொக்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றைக்கு யாருக்கும் இரண்டாவது டம்ளர் வரவில்லை.

அவன் மறுபடி வந்தான். அப்புறமும் வந்தான். விறகுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. மஜீதின் விரலையே வெறித்துக்கொண்டிருந்தான். தன் தொடைமேல் விரல்களை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தான். ரெய்டு வரவில்லை. வராததுதான் எங்களை இன்னும் கலக்கியது. மஜீது வராத ஒரு மாலையில் அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டான்.

"பாத்தியா நைனா?" என்றாள் சொக்கம்மாள் என்னிடம். "அவன் சோத்துக்கு வர்ல. மஜீதுக்கோசரம் வரான். ரெண்டு பேருக்கும் இன்னாவோ கீது."

"மஜீதா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"அவன் மட்டும் ஒரு மடக்கு குடிச்சிக்கீறானா?"

சந்தேகம் சொறி மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒட்டிக்கொள்கிறது.

மறுநாள் மஜீது வந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. "இனிமே இங்க வராத மஜீது. அந்தப் போலீஸ்காரன இட்டாந்தது நீதான்னு எனக்குத் தெரியும்."

மஜீது நடுத்துண்டு மீன் இருந்த தட்டைப் பார்த்தான். "நானாக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் புல்புல்தாராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். நான் உள்பட ஒருத்தரும் அவனுக்காகப் பேசவில்லை.

அதோடு கடை களையிழந்தது. குடித்தோம், ஒருவரை ஒருவர் முறைத்தோம், சீக்கிரம் எழுந்து போனோம்.

ஒரு வாரம் கழித்து நெட்டையன் நேராக அடுப்படிக்கே வந்து, "புல்புல்தாரா வாசிக்கறவரு எங்கக்கா?" என்றான்.

சொக்கம்மாள் வெடித்தாள். "நீ போலீஸ்தானே? உள்ள வா, பானை அங்க கீது, ஒட! எத்தினி நாளுக்குத்தான் நான் பயந்து பயந்து சாவறது?"

அவன் அசரவில்லை. "போலீஸ்தான். பேரு கருணாகரன். போலீஸ் பேண்டுல கிளாரினெட் ஊதறேன். பரேடுக்கு நாங்களும் பட்டி கட்டணும். அங்க காயிதத்தப் பாத்து ஊதறோம். அவரு எதப் பாத்து வாசிக்கிறாருன்னு கண்டுபுடிக்கலாம்னு வந்தேன்."

"கஞ்சி?"

"மொத நாளே மூக்கத் தொளச்சிச்சி. குடிச்சா என் வேல போவும். வெளிய சொன்னா பாட்டு போவும். ரெண்டும் வாணாம்னு சோத்த மட்டும் துன்னேன்."

சொக்கம்மாள் காலைச் சரியாகத்தான் பார்த்திருந்தாள். ஆளைத்தான் பார்க்கவில்லை. அதற்காக மஜீதைத் துரத்தியிருந்தாள்.

வியாசர்பாடியில் பஷீர் என்பவரின் டீக்கடையில் மஜீது வாசிப்பதாகத் தெரிந்தது. மறுநாளே அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். நாங்கள் நுழைந்தபோது மஜீது வாசித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், கை நிற்கவில்லை.

பெஞ்சில் ஆம்பிளைகளுக்கு நடுவே சொக்கம்மாள் ஒடுங்கி உட்கார்ந்தாள். பஷீர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. மஜீதின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவுக்குப் போன பஷீர் அங்கிருந்து அவளை நோட்டம் விட்டார். சேலையில் அடித்த புளித்த வாடை அவர் மூக்குக்கும் எட்டியிருக்க வேண்டும். கடையில் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் பார்த்த பார்வை எனக்குப் பழகிய பார்வை.

பாட்டு முடிந்ததும் பஷீர் மஜீதிடம் குனிந்து கேட்டார். "யாருப்பா அது? டீயத் தொடல. வந்ததுலேர்ந்து உன்னியே பாத்துகினு கீது. எதுனா பேஜாரா?"

சொக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தான் அவனுக்குச் செய்ததை அவன் திருப்பிச் செய்ய ஒரு வார்த்தை போதும்.

"ஒரு பேஜாரும் இல்ல பாய்," என்றான் மஜீது. "நம்ம அக்காதான். அவங்க சோத்தத் துன்னு வளந்தவன் நான்."

அவன் தந்தியை முறுக்கி அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்த்தான். சொக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை எல்லார் கண்ணெதிரிலும் ஒரே மடக்கில் குடித்தாள்.