எனக்கென்று ஒரு டப்பா

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். நான் மறைக்கவில்லை. மாத்திரையோடு சாப்பாட்டிலும் கவனமாக இருந்து பாருங்கள், குறையாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொன்னதையும் நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் அப்பாவுக்குக் கட்டைவிரலில் வந்த புண், கடைசியில் முழங்காலோடு காலை எடுக்க வைத்ததையும் சொல்லியிருக்கிறேன். இத்தனையும் கேட்டு உச்சுக்கொட்டிய அதே வாய்கள்தான் மறுநாள் மதியம் என் தட்டில் போளியை வைத்துவிட்டு, "ஒரு நா தின்னா ஒண்ணும் செய்யாது" என்றன.

ஒரு நாளாம். கடம்பூரிலிருந்து வருகிறவள் போளி கொண்டுவந்தால் அது ஒரு நாள். கழுகுமலைக்காரி கோயில் பிரசாதம் கொண்டுவந்தால் அது இன்னொரு நாள். யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிறந்தநாள் என்றால் அதுவும் ஒரு நாள்தான். இந்த ஒரு நாள்களைக் கழித்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை.

நான் சமைக்காமல் இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. கோவில்பட்டியில் எங்கள் நகைக்கடன் ஆபீசின் ஷட்டர் தூக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும்; அதற்கு ஊரிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அதனால் அடுப்படியில் நின்று கொஞ்சிக்கொண்டிருக்க நேரமில்லை. குதிரைவாலியும் ஒரு கை பாசிப்பருப்பும் கழுவிக் குக்கரில் போட்டு, பூண்டு, சீரகம், புறவாசல் முருங்கையில் ஒடித்த கீரை, உப்பு எல்லாவற்றையும் அதிலேயே தள்ளி மூடிவிடுவேன். அது விசில் அடிப்பதற்குள் காணத்தை, அதாவது கொள்ளுப்பயறை, வறுத்து, மிளகாய் வற்றலும் புளியும் வைத்து மிக்சியில் ஒரு சுற்று. துவையல் முடிந்தது. குளித்துச் சேலை கட்டி வரும்போது ஆவி அடங்கியிருக்கும். தானியம் எங்கள் கரிசலில் விளைந்தது, கீரைக்குக் காசு கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் வடையும் சாப்பிடுவதைவிட இது மலிவு.

ஆனால் அதைத் தின்றது யார் என்பதுதான் விஷயம். நகை வைக்க வருகிற கிராமத்து ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கி மதியம்தான் வந்து நிற்பார்கள். அவர்களைத் திரும்பும் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நான் கவுண்டரிலிருந்து எழுவதற்குள், உள்ளறையில் எல்லா டப்பாவும் திறந்து நடுவில் வைக்கப்பட்டிருக்கும். எங்கள் ஆபீசில் தன் டப்பாவைத் தானே தின்பது வழக்கமில்லை. எல்லாம் பொது.

நான் போகும்போது என் டப்பா காலி. துவையல் கிண்ணத்தைக்கூட விரலால் வழித்திருப்பார்கள். பதிலுக்கு எனக்கென்று ஒரு தட்டு மூடியிருக்கும். திறந்தால் புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஓரத்தில் அந்தப் பாழாய்ப்போன போளி. பிரியமாக எடுத்து வைத்திருப்பார்கள். அதுதான் தாங்க முடியாதது. பிடுங்கித் தின்றால் சண்டை போடலாம், பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறவர்களிடம் என்னத்தைச் சொல்ல?

என் டப்பாவை முதலில் திறப்பது ஆபீசிலேயே மூத்தவர். அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கக்கா."

"நாளைக்கு வைக்கேன்ட்டி. கைமணம் அப்படி, என்ன செய்ய? இன்னைக்கு இதச் சாப்பிடு. ஒரு நா தின்னா ஒண்ணும் செய்யாது."

பெரிய டப்பா வாங்கினேன். அதையும் தின்றார்கள்.

அடுத்த முறை ரத்தம் கொடுத்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. வீட்டுச் சாப்பாடுதானே என்று டாக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டுச் சாப்பாடுதான், எந்த வீட்டு என்றுதான் அவர் கேட்கவில்லை. அடுத்த தடவையும் இப்படி இருந்தால் ஊசியை ஆரம்பித்துவிடலாம் என்றார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா குதிரைவாலிங்குத, காணம்ங்குத. பெறகு எப்படி ஏறுது? பஸ்ஸ விட்டு எறங்கி என்னத்தத் திங்குத?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் டப்பாவை உள்ளறைக்கு அனுப்பவில்லை. கவுண்டருக்குள்ளேயே, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டேன். கம்பிக்கு வெளியே நின்ற பெரியவர் ஒருவர், "சாப்பிடுங்க தாயி, நான் நிக்கேன்" என்றார். அந்த ஆபீசில் என்னைச் சாப்பிட விட்ட ஒரே மனுசர் அவர்தான்.

உள்ளே போய், "நான் சாப்பிட்டாச்சு" என்றேன். அக்கா என் கையைத்தான் பார்த்தார். "டப்பா எங்கட்டி?"

"காலி."

"ஒத்தையில தின்னா செமிக்குமா?" என்று கடம்பூர்க்காரி சுவரைப் பார்த்துக் கேட்டாள். நன்றாகவே செமித்தது. அந்த வாரம் முழுக்க அப்படியே சாப்பிட்டேன். யாரும் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை, நானும் இறங்கிப் போகவில்லை. அக்கா சோற்றை ஒதுக்கிவிட்டு மோரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். வீம்பு பண்ணுகிறார் என்று நினைத்தேன். பண்ணட்டும் என்றும் நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் தண்ணீர் குடிக்க உள்ளே போனால், அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது. வெயில்தான் என்று மற்றவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். வெயிலாவது ஒன்றாவது, சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் வருகிற அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்த அன்று எனக்கே வந்திருக்கிறது. காதருகே குனிந்து, "மாத்திரை போடுதீங்களா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

கடம்பூர்க்காரியின் டப்பாவில் போளி இருந்தது. பிய்த்து வாயில் வைத்தேன். வேண்டாம் என்று உதட்டை இறுக்கினார்.

"தின்னுங்க. ஒரு நா தின்னா ஒண்ணும் செய்யாது."

நடுக்கம் அடங்கியதும் மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கேட்டேன், வீட்டில் தெரியுமா என்று.

"தெரியாது. எங்க வீட்டுக்காரவியளுக்கு ஹார்ட் ஆபரேசன் ஆனதுலருந்து வீட்ல ஒரு தும்மல் போட்டாலே பயந்து சாகுதாக. எல்லாருக்கும் வெள்ளச் சோறுதான். எனக்குன்னு தனியா ஒரு உலை வச்சா ஏன்னு கேப்பாகல்லா. ஒன் டப்பாவுலதான் ஒரு நேரமாவது ஒழுங்காத் தின்னேன்."

இத்தனை நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அழுகையும் சேர்ந்து வந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

"யார்ட்டயும் சொல்லிராதட்டி" என்றார்.

மறுநாள் காலையில் குக்கரில் இரண்டு பங்கு போட்டேன். டப்பாவும் இரண்டு எடுத்தேன். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார்.

"இம்புட்டும் யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றேன்.