சொல்லிக்கொள்ளாமல் போன சனிக்கிழமை

"அக்டோபர், இரண்டாம் சனிக்கிழமை. மதியம் மூன்று மணி. நல்ல மழை. ஆறு குடும்பங்கள். டீ, பொரி உருண்டை. எல்லாம் முறையாக நடந்தது. யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை."

என் டைரியில் அன்றைக்கு எழுதியது இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைப் பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கம் கேத வீட்டுக்கு வருகிறவரை யாரும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர் "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்வதும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் மறுபடி வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பேசாமல் நடந்துவிட வேண்டும். மளிகைக் கடையில் சில்லறை வாங்கினால்கூட "வாரேனுங்க" சொல்லாமல் நகராத ஜனங்கள், அந்த ஒரு வாசலில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டம் கோவையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி அறையில் மாதம் ஒரு முறை நடந்தது. அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த குழந்தைகளும், அவர்களோடு மிஞ்சியிருப்பவர்களும் வருவார்கள். குழந்தைகளுக்குத் தரையில் ஜமக்காளம், பெரியவர்களுக்குச் சுவரோரம் பெஞ்சு. நடத்தியவர் அந்தப் பள்ளியின் ஆசிரியை. அவரும் கணவரை இழந்தவர். "இங்க யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டாமுங்க. அதே கஷ்டத்தப் பட்டவங்க பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

என் மனைவி அந்த வருடம் ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள். தலைவலி என்று சமையலறையில் உட்கார்ந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனியில் வேலையில் இருந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியில் இருந்தாள். பக்கத்து வீட்டு அக்காதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, கூடவே ஏறிப் போனார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மகள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள்.

அதற்குப் பிறகு மகள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. பள்ளிக்குப் போனாள், வந்தாள், தட்டில் போட்டதைத் தின்றாள். எதைக் கேட்டாலும் "ம்". யாரோ சொல்லித்தான் அக்டோபரில் அந்த மாடி அறைக்கு அவளை அழைத்துப் போனேன்.

அங்கே அவளுக்குப் பக்கத்தில் பல்லடத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். ஐந்தாம் வகுப்பு. அவன் அப்பா ஆகஸ்டில் பைபாஸில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்தவர். அவனைச் சித்தப்பா கூட்டி வந்திருந்தார்.

"எங்கூட்டுல நாலாயிரம் கோழி இருக்குது" என்றான் அவன், யாரும் கேட்காமலே.

"பொய்" என்றாள் மகள்.

"சத்தியமா. குஞ்சா வர்றப்ப ராத்திரியெல்லாம் லைட்டு போட்டு வெக்கோணும். இல்லீனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கிச் செத்துப்போயிரும்."

"லூசுக் கோழி."

"கோழியெல்லாம் லூசுதான். உன்னையாட்ட."

மகள் சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது என்னவென்று எனக்கு நினைவில்லை.

கூட்டம் முடிந்தபோது மகள் கை கழுவப் போயிருந்தாள். சித்தப்பா எழுந்து பையனின் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்கள். மற்றக் குடும்பங்களும் அப்படியே போயின. மகள் திரும்பி வந்தபோது ஜமக்காளம் காலியாகக் கிடந்தது.

பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். துடியலூர் தாண்டியதும் கேட்டாள்: "அந்தப் பையன் எங்கீங்கப்பா?"

"ஊருக்குப் போயிட்டான் கண்ணு."

"எங்கிட்ட சொல்லவே இல்லீங்க."

நான் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"அவனும் செத்துப்போயிட்டானா?"

இல்லை என்று சொன்னேன். அடுத்த மாதம் வருவான் என்றும் சொன்னேன். அன்று இரவு ஜூன் மாதத்து வீட்டை அவள் கண்ணால் பார்க்க முயன்றேன். அம்மா சொல்லாமல் போனாள். பிறகு நாள்கணக்கில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து மறைந்தார்கள். போகிறவர்கள் சொல்லாமல் போனால் அதற்கு என்ன பெயர் என்று அந்த வீடே அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

நவம்பரில் பையன் வரவில்லை. மகள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் செத்துப்போயிட்டான். நீங்க பொய் சொன்னீங்க" என்றாள். ஆசிரியை அவளோடு படியில் உட்கார்ந்துகொள்ள, நான் மட்டும் உள்ளே போய் மற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கேதக்காரங்களே கூடுற எடத்துல வாரேன்னு எப்புடிங்க சொல்றது? நாக்கு வருமா?" என்றார் ஒரு அம்மா.

கோட்டைமேட்டிலிருந்து வரும் தையல்காரர் தொண்டையைச் செருமினார். மனைவியை இழந்தவர். "நாங்க மௌத்து விழுந்த ஊட்டுலயும் சலாம் சொல்லிட்டுத்தானுங்க எந்திரிப்போம். போன மாசம் நீங்க யாரும் வாயே தொறக்கலை. நாஞ் சொன்னா உங்களுக்குச் சங்கடமாயிருமோன்னு நானும் கம்முனு போயிட்டனுங்க. என்ற பையன் வழியெல்லாம் கேட்டான், ஏனுங்க அத்தா, அங்க எல்லாருக்கும் சண்டையான்னு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்ததும் உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் வீட்டில் நிலைமை மோசமானது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பினால் மகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். ஆசிரியையிடம் எண் வாங்கிப் பையனின் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பையன் கல்லாட்ட நல்லா இருக்கானுங்க. அன்னைக்குக் கோழி ஏத்தற வண்டி வந்துபோட்டுது, ஆள் பத்தலை. அதான் வர முடியலை. ஏனுங்க, என்ன விசியம்?"

விஷயத்தைச் சொன்னேன். "முறைன்னுதானுங்க செஞ்சேன்" என்றார். பையனைப் பேச வைத்தார். மகள் போனை வாங்கவே இல்லை. "போன்ல யாரு வேணாலும் பேசலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் போய், சிங்காநல்லூர் போய், அங்கிருந்து பல்லடம் பஸ் ஏறினோம். வீட்டு வாசலில் பையனின் அம்மா எங்களைப் பார்த்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. சாவு நடந்து வருடம் திரும்பாத வீடு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். சித்தப்பா கோழிக்கொட்டாயைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பையன் கையில் தீவனத் தூசியோடு வந்து நின்றான். மகள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஏன்டா சொல்லாமப் போன?"

"சித்தப்பா சொல்லக்கூடாதுன்னாரு."

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

"அட லூசு. சொல்லாமப் போனாச் செத்துருவாங்களா?"

"எங்கம்மா சொல்லாமப் போச்சு."

பையன் கையைக் கால்சட்டையில் துடைத்தான். "எங்கப்பன் சொல்லிட்டுத்தான் போனாரு. 'வாரேன் சாமி, சாயந்திரம் பரோட்டா வாங்கியாரேன்'னாரு. அப்பறமும் வரலை."

அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சித்தப்பா கொட்டாயின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பரோட்டாவைப் பற்றி அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் இருவரும் குஞ்சு பார்க்கப் போனார்கள்.

கிளம்பும் நேரம் வந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு முறைப்படி வாசலைத் தாண்டிவிட்டேன். மகள் தாண்டவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, "சொல்லலாமுங்களா?" என்று கேட்டாள். அவர், மறுபடி வாசலுக்கு வந்திருந்த தன் அண்ணியைப் பார்த்தார்.

"சொல்லு அம்மணி" என்றார் பையனின் அம்மா. "இதுக்கு மேல இந்த ஊட்டுக்கு என்ன வரப்போவுது."

"வாரேன்" என்றாள் மகள், பையனிடம் மட்டும்.

"எப்ப?"

"ரெண்டாஞ்சனி."

திரும்பும் பஸ்ஸில், காரணம்பேட்டை வரும்போது, என் கையைப் பிடித்தாள். "அப்பா, அம்மா ஆம்புலன்ஸ்ல போறப்ப ஏதாச்சும் சொல்லுச்சா?" என்றாள். நான் அங்கே இல்லையே கண்ணு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். சூலூர் வரை அழுதாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பாதி மூடினார்.

மறுநாளே பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். "சொன்னாளுங்க. என்ற கையப் புடிச்சு, 'எங்க அம்மணி வந்தாச் சொல்லுங்கக்கா, வந்தர்றேன்னு' அப்புடின்னா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஜூனில், கேதத்துக்கு வந்தவர்களிடம், இதே அக்கா "வண்டீல ஏத்தறப்பவே நெனவு இல்லீங்க" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு முறை அல்ல, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆம்புலன்ஸில் வந்த பணியாளரை விசாரித்தேன். வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார் என்றார்கள். போன் எண் கிடைக்கவில்லை.

மகளிடம் இரண்டையும் சொன்னேன்.

"அக்கா எப்பப் பொய் சொன்னாங்க? அப்பவா, இப்பவா?"

"தெரியலை கண்ணு."

"அவனையும் கேக்கறேன்" என்றாள். அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மாடி அறையில் இப்போது பலர் "ரெண்டாஞ்சனி பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு எழுகிறார்கள். பையனின் சித்தப்பா மட்டும் இன்னும் சொல்வதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்குவார். பையன் பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடி வந்து மகளிடம் சொல்லிவிட்டுப் போவான். காலையில் மகள் என் சட்டையை விட்டுவிடுகிறாள். விடுவதற்கு முன்னால் என்னை "வாரேன்" என்று இரண்டு முறை சொல்ல வைக்கிறாள்.

என் மனைவி ஆம்புலன்ஸில் ஏறியபோது நினைவோடு இருந்தாளா, மகளுக்கு ஏதும் சொல்லி அனுப்பினாளா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.