ஏ/பி பெட்டிக்குள் போன அம்மா

போன வருடம் மழைக்காலத்தில், ஈப்போ குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையடியில் இருக்கிற எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் நடந்தது இது. அந்த மாதங்களில் விடியும்போது மலை இருக்காது, பனிதான் இருக்கும். கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் முதலில் ஒரு மரம், பிறகு ஒரு பாறை என்று மலை மெல்லத் திரும்பி வரும். சன்னலோரம் அரைத்தூக்கத்தில் அதைப் பார்த்தபடிதான் நான் தினமும் இமெயிலைத் திறப்பேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவன். வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகிய பிறகு ஆபீஸ் மெயிலும் சொந்த மெயிலும் ஒரே பெட்டியில் விழ ஆரம்பித்தன. விளம்பரம், பில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே சாம்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உட்கார்ந்து சரிசெய்தேன். வேண்டாத விளம்பரங்களை நிறுத்தினேன், லேபிள் போட்டேன், ஃபில்டர் போட்டேன். சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பில்களை எங்கள் பிரிவில் ‘ஏ/பி’ என்போம். ஏ/பி என்று இருக்கிற மெயில் எதுவும் இன்பாக்ஸுக்கு வராமல் நேராக ஒரு ஃபோல்டருக்குப் போகட்டும், படித்ததாகவும் குறித்துவிடட்டும் என்று வைத்தேன். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. இன்பாக்ஸ் காலியான அந்த நேரத்துச் சுகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். துடைத்துக் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்கிற மாதிரி இருந்தது.

அப்போது அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது. அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். அறுபதைத் தாண்டியும் விடியும் முன்பே மோட்டர் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போகிற ஆள். ஒரு நாள் தாமான் முனையில் சாலை எது, லோங்காங் எது என்று தெரியாமல் சாக்கடை விளிம்பு வரை போய்விட்டார். அதோடு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் பனிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்குடா. பாக்க அழகாத்தான் இருக்கு. மோட்டர்தான் ஓட்ட முடியல லா,” என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் பதிந்தோம். ஆபரேஷன் தேதி இமெயிலில் வரும், குறித்த நாளுக்குள் பதில் போடாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு ஏது இமெயில், என்னுடையதைக் கொடுத்தேன். கேண்டீன் முதலாளி, பள்ளி விடுமுறை முடியும்வரைதான் இடத்தை வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சாயங்காலமானால் மெயில் வந்ததா என்று மட்டும் கேட்பார். நானும் பளிச்சென்று இருக்கிற இன்பாக்ஸைப் பார்த்து இன்னும் வரவில்லை என்பேன். நல்லா தேடிப் பாருடா என்பார். தேட என்ன இருக்கிறது, என் பெட்டியில் ஒரு தூசி கிடையாது என்று பெருமை வேறு.

பனி இன்னும் கலையாத ஒரு காலையில் போன் வந்தது. கண் ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கும் மலாய்ப் பெண். அம்மாவின் பெயரை அடையாளக் கார்டில் இருக்கிறபடி நிதானமாக வாசித்து, நான் அவர் மகன்தானா என்று கேட்டார். அம்மா பெயர், அடுத்து ‘ஏ/பி’, அதற்கடுத்து தாத்தா பெயர்.

பெயரில் வரும் ஏ/பி என்றால் அனாக் பெரம்புவான், இன்னாரின் மகள். இந்த நாட்டில் பிறந்த தமிழ்ப் பெண்களின் பெயர் நடுவில் காலம்காலமாக உட்கார்ந்திருக்கிற எழுத்து. எனக்கு இருப்பது ஏ/எல், இன்னாரின் மகன். அதனால் என் மெயில் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, எனக்கும் உறைக்கவே இல்லை.

இரண்டு மெயில் அனுப்பியும் பதில் இல்லை, அம்மாவின் போனையும் யாரும் எடுக்கவில்லை என்றார் அந்தப் பெண். எப்படி எடுப்பார்? மோசடிக்காரர்கள் கூப்பிடுவார்கள், தெரியாத நம்பரைத் தொடாதே என்று சொல்லி வைத்தவனே நான்தான். அன்று மாலைக்குள் பதில் இல்லையென்றால் தேதி அடுத்தவருக்குப் போய்விடுமாம். பிறகு ஏன் என்னைத் தேடிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் வலிக்குமா என்றுதான் கேட்பார்கள், உங்கள் அம்மா மட்டும் எப்போது மோட்டர் ஓட்டலாம் என்று கேட்டார், அந்த முகத்தை மறக்க முடியவில்லை என்றார்.  தெரிமா காசே என்று நன்றி சொல்லி, அந்தத் தேதிக்கே வருகிறோம் என்று உறுதி கொடுத்தேன்.

போனை வைத்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். அட்டைப் பெட்டி பில்லுக்கும் லாரி வாடகை பில்லுக்கும் நடுவில் அம்மாவின் இரண்டு மெயிலும் இருந்தன. கீழே என் மனைவியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பீடோரில் இருக்கிற தங்கை மகளின் பட்டமளிப்பு அழைப்பு. எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும், படித்து முடித்தாயிற்று என்ற அடையாளத்தோடு, சத்தமில்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், சிரித்தார்.

“எங்கப்பன் பேர சேத்துப் போட்டது ஒரு குத்தமா, அதுக்காடா பில்லோட பூட்டி வெச்ச?”

அன்றே ஃபில்டரை மாற்றினேன். இப்போது சொல்லை வைத்துப் பிரிப்பதில்லை, சப்ளையர்களின் முகவரியை வைத்துத்தான். எந்த மெயிலும் நான் பார்க்காமல் தானாகப் ‘படித்தது’ ஆவதும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் காரில் கூட்டி வந்தேன். பனி விலகி மலை முழுசாக வெயிலில் நின்றது. அம்மா அதைப் பார்க்கட்டும் என்று மெதுவாக ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா மலையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படா இவ்ளோ நரைச்சிச்சு உனக்கு?”

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே அம்மா கேண்டீனுக்குத் திரும்பிவிட்டார், மோட்டரும் ஓடுகிறது. ஆனால் தினமும் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட என் முகமே அவருக்கு அத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது என்பதும், அதைக் கடைசியில் தெரியவைத்தது நானல்ல, முகம்கூட எனக்கு நினைவில்லாத ஒரு பெண் என்பதும் இன்றும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.