ஐந்து பீரியடில் பின்னம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு, தெலுங்கும் உருதுவும் பேசும் இந்த ஊர் முழுக்கக் கிளைகள். கொண்டாப்பூர், பாலாநகர், நாச்சாரம் என்று எங்கே போனாலும் அதே பெயர்ப்பலகை, அதே சீருடை. கணக்குப் பாடமும் எல்லாக் கிளையிலும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் நடக்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று ஆசை வந்தது. உடனே ஒரு கமிட்டி. நாச்சாரத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் என்பதால் என்னையும் அதில் போட்டார்கள்.

எனக்கு அங்கே வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பின்னத்துக்கு மூன்று வாரம். என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். வீட்டில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை. மூன்றைவிட நான்கு பெரிது, அதனால் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றும் பெரிது என்றுதான் அந்தப் பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். பழைய பேப்பரை மடிக்கவிட்டு, கிழிக்கவிட்டு, எந்தத் துண்டு பெரிது என்று சண்டை போடவிட்டுத்தான் அதை மாற்ற முடியும். அதற்கு நாள் பிடிக்கும். பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு அப்புறம் சதவீதமும் கிடையாது, அல்ஜீப்ராவும் கிடையாது. மேல்வகுப்பில் பார்த்து எழுதியே காலத்தை ஓட்டும்.

கமிட்டி கொண்டாப்பூர் கிளையின் ஏசி அறையில் கூடியது. எந்தப் பாடத்துக்கு எத்தனை பீரியட் ஆகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பின்னத்துக்கு நான் பதினைந்து என்றேன். பாலாநகர் டீச்சர் பன்னிரண்டு என்றார். கொண்டாப்பூர் சார் ஐந்து என்றார். அவர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். அதைக் கேட்டதும் கமிட்டிக்குத் தலைமை தாங்கிய டைரக்டர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. சீக்கிரம் முடிப்பவர்தான் நன்றாக நடத்துகிறவர் என்பது கணக்கு வாத்தியார்கள் கூடிய அந்த அறையின் கணக்கு! கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக என் மூன்று வாரம் ஐந்து பீரியடாகிவிட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், உங்க பிள்ளைங்க எல்லாம் சாயங்காலம் டியூஷன் போகுதுங்க. லீவுலயே பாதிப் பாடத்தை முடிச்சிட்டு வருதுங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று கொண்டாப்பூர் சாரிடம் தமிழிலேயே கேட்டேன்.

"அப்படியெல்லாம் இல்லைங்க மேடம். கிளாஸ்ல நாங்க கான்செப்ட்டைக் கிளியரா நடத்திடறமுங்க" என்று சிரித்தார்.

டைரக்டரிடம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. சாக்குப்போக்கு வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிடையரான என் கணவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஊர் உருது கலந்து, "கைக்கு, எதுக்கு டென்ஷன்? நக்கோ, வேணாம் விடு. அவன் சொன்னதை நடத்திட்டு வா" என்றார்.

"நட்டை முறுக்காம வண்டியை வெளிய அனுப்புவீங்களா நீங்க?"

"ஹவ், ஆமா, அது வேற" என்றார். அவரவர் வேலை என்று வரும்போது எல்லோருக்கும் அது வேறதான்.

ஜூனில் புதுப் பாடத்திட்டம் வந்தது. பேப்பர் மடிப்பதை இரண்டாவது நாளே நிறுத்த வேண்டியதாயிற்று. எல்லாக் கிளைக்கும் சேர்த்து வைத்த பரீட்சையில் என் வகுப்புதான் கடைசி. கூடவே ஒரு சர்க்குலரும் வந்தது: பின்னத்தை எப்படி நடத்துவது என்று எனக்குக் காட்ட, கொண்டாப்பூர் சார் வந்து மாதிரி வகுப்பு எடுப்பார். தலை நரைக்கும்வரை கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு! உடம்பெல்லாம் எரிந்தது.

வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லி போர்டில் எழுதி, யார் சொல்வீர்கள் என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அவர் சிரித்த முகமாகவே காத்திருந்தார். தன் கையையே தூக்கிக் காட்டி மறுபடி கேட்டார். கடைசியில் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "டூ பை ஃபைவ், சார்" என்றாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். இரண்டே நாள் பேப்பர் மடித்த பிள்ளை வேறென்ன சொல்லும்?

அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பெஞ்சுகளையெல்லாம் தாண்டி என்னிடம் வந்து, குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இவங்கெல்லாம் எந்த டியூஷனுக்குங்க போறாங்க?"

"எங்கயும் போகலை."

நிஜமாகவே குழம்பிப்போனார். "அப்புறம் இதையெல்லாம் இவங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுப்பாங்க?"

சாக்பீஸ் அவர் கையில்தான் இருந்தது. அந்தப் பெண் உட்காராமல், சரியா தப்பா என்று யாராவது சொல்வார்கள் என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெல் அடித்தது. மறுநாளைக்குப் பாடத்திட்டத்தில் சதவீதம் போட்டிருந்தது.